இடது பட்டனில் ஓர் ஆப்பு

காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் மின்னல் செய்கிற முதல் வேலை, உடைந்த மரப்பெட்டியிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து எடுப்பதுதான். அதைப் பல்லால் கடித்துக் கூராக்குவான். பிரஸ் மெஷினின் இடது பட்டனை அழுத்திப் பிடித்து, அது திரும்ப எழும்பாதபடி ஓரத்தில் அந்தச் சில்லைச் செருகுவான். ஆப்பு சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான்.

அது டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கிற பட்டறை. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. நடுவில் தகட்டை வைத்தால் மேல் அச்சு இறங்கி ஒரே அடியில் மூடியாக்கிவிடும். மெஷினைச் செய்தவன் விவரமானவன். இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன் வைத்து, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும் என்று பண்ணியிருந்தான். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் எந்தக் கை இருக்கும்? ஆனால் அவன் விவரத்தை ஒரு மரச்சில்லு தோற்கடித்துவிட்டது. ஆப்பு வைத்துவிட்டால் வலது கை பட்டனை அழுத்தும், இடது கை தகட்டைத் தள்ளும், மூடியை இழுக்கும். வேலை பறக்கும்.

பட்டறையில் மூன்று மெஷின், மூன்று ஆப்பு. முதலாளி நாளெல்லாம் அந்தப் பக்கமாக நடப்பார். ஒரு மூடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியும். ஆப்பு மட்டும் தெரியாது.

மெஷின் ஓட்டுகிற மூன்று பேரிலும் வேகக்காரன் என்பதால்தான் அவனுக்கு மின்னல் என்று பெயர். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மெஷின்களுக்கு எண்ணெய் விடுகிற எட்டண்ணனும் ஒரு காலத்தில் வேகக்காரர்தான். இப்போது அவர் கையில் மிச்சம் இருக்கிற விரல்களை எண்ணினால் அவர் பெயருக்குக் காரணம் தெரிந்துவிடும். அவர் அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை. "நான் கை தட்டினா முக்கால் சத்தம்தான் வரும், மிச்சத்தை நீங்களே சேத்துக்கோங்க" என்று சிரிக்க வைப்பார். ஆனால் அவர் பழைய மெஷினுக்கு எண்ணெய் விடும்போது மட்டும் வாய் பேசாது.

மின்னலின் மனைவியும் அதே பட்டறையில்தான். அடித்த மூடிகளை அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அதனால் அவள் எல்லோருக்கும் அடுக்கு அக்கா. அன்றைக்கு அவள் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மூடி கையில் வழவழவென்று இல்லாமல் சொரசொரத்தது. திருப்பிப் பார்த்தாள். மூடியின் நடுவில் ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு, முத்திரை குத்தினது போலப் பதிந்திருந்தது. சற்று நேரம் அதையே பார்த்தாள். பெட்டியில் போடவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் அண்ணனிடம் போனாள்.

அவள் அண்ணன்தான் பட்டறைக்கு எலக்ட்ரீஷியன். எல்லோருக்கும் கரண்ட்டு. மெயின் போர்டு இருக்கிற சின்ன அறைதான் அவன் ராஜ்ஜியம்.

"அண்ணே, இதைப் பாருங்க."

அவன் மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "மாப்பிள்ளையோட கிளவுஸா?"

"நடுவிரல் நுனி. கேட்டா எலி கடிச்சிருக்கும்ங்கறார்."

"எலி கடிச்சு மூடியில ஒட்டிட்டுப் போச்சாமா? நல்ல எலி." சிரிக்கப் பார்த்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "அந்த ஆப்பை எடுக்கச் சொல்லேம்மா."

"சொல்லாமலா இருக்கேன்? எல்லாரும் வைக்கறாங்க, நான் மட்டும் எடுத்தா என் பேரு என்னாகறதுங்கறார். பேராம் பேரு. காலையில பிள்ளைக்கு ரெட்டைச் சடை பின்னி விடறது அவர்தான் அண்ணே. நான் அடுப்பை விட்டு நகர்றதுக்குள்ள ரிப்பன் கட்டி முடிச்சிடுவார். அந்த விரல்ல ஒண்ணு போச்சுன்னா..."

கரண்ட்டு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சைப் பலகையை எடுத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பொழுதுபோக்குக்காக மின்சாமான் செய்பவர்கள் வாங்குகிற மைக்ரோ கண்ட்ரோலர். கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுத்துவிட்டால் சொன்னபடி கேட்கும். செல்போனில் வீடியோ பார்த்து ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். இதுவரை அவன் அதை வைத்துச் செய்த பெரிய காரியம், ஒரு குட்டி விளக்கை மினுக்கியதுதான்.

"மெஷினுக்கு ஒரு கண்ணு வச்சிடலாம். கை உள்ளே இருந்தா அச்சு இறங்காது. மாப்பிள்ளை ஆப்பு வச்சாலும் சரி, என்ன வச்சாலும் சரி."

"ஆப்பை எடுக்கறதைவிட அது சுலபமா?"

"மெஷினை மாத்தறது சுலபம்மா. மனுஷனை மாத்தறதுதான் கஷ்டம்."

கண் என்று அவன் சொன்னது ஒரு அகச்சிவப்பு சென்சார். விரல் நீளப் பலகையின் முனையில் பாசிமணி போல இரண்டு மணிகள், ஒன்று தெளிவாக, ஒன்று கறுப்பாக. தெளிந்த மணி நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை வீசும். எதிரே ஏதாவது இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வரும். கறுப்பு மணி அதைப் பிடித்துக்கொள்ளும். சுவரில் பந்தை எறிந்து பிடிக்கிற மாதிரிதான். அதற்கு மூன்று கம்பிகள். ஒன்று கரண்ட் வருகிற வழி, ஒன்று திரும்பிப் போகிற வழி, மூன்றாவது சேதி சொல்கிற வழி.

அடுத்த நாள் இடைவேளையில் அவன் மூன்று கம்பிகளையும் பலகையில் செருகினான். மணி எரிகிற மாதிரியே தெரியவில்லை. "செத்துப் போச்சா தம்பி?" என்றார் வேடிக்கை பார்க்க வந்த எட்டண்ணன். கரண்ட்டு செல்போன் கேமராவை அதன் நேரே பிடித்தான். வெறும் கண்ணுக்கு இருட்டாக இருந்த மணி, கேமராவில் ஊதா நிறத்தில் மினுங்கியது. எட்டண்ணன் கேமராவுக்கு முன்னும் பின்னும் நாலைந்து தடவை தலையை நீட்டிப் பார்த்தார். "நமக்குத் தெரியாம இவ்வளவு நடக்குதா?"

மெஷினுக்குப் பதிலாக ஒரு பல்பை வைத்துச் சோதித்தார்கள். பல்பு எரிந்தால் அச்சு இறங்குகிறது என்று கணக்கு. கரண்ட்டு சென்சாருக்கு முன்னால் கையை நீட்டினான். பல்பு எரிந்தது. கையை எடுத்தான். அணைந்தது.

எட்டண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, இது கையைக் காக்கற கண்ணு இல்லை. கை எப்போ வரும்னு காத்திருக்கற கண்ணு."

கரண்ட்டு பழைய மடிக்கணினியைத் திறந்து, சென்சார் சொல்வதைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டான். எதிரே ஒன்றும் இல்லாதபோது ஒன்று, ஒன்று என்று ஓடியது. கையை நீட்டினால் பூஜ்யம். அவன் நினைத்ததற்கு நேர் தலைகீழ்.

"ஆள் இல்லேன்னா ஒண்ணுங்குது. ஆள் வந்தா பூஜ்யம்ங்குது. இப்படி ஒரு கணக்கா?" என்று தலையைச் சொறிந்தான்.

"இதுல என்ன அதிசயம் அண்ணே?" என்றாள் கூடவே நின்றிருந்த அடுக்கு அக்கா. "உங்க மாப்பிள்ளை சாப்பிட வந்தா நம்ம வீட்டுச் சட்டியும் அப்படித்தான்."

சிரிப்பு அடங்கியபின் கரண்ட்டு தான் எழுதியதில் ஒரு வரியை மாற்றினான். பூஜ்யம் என்றால் நிறுத்து. இப்போது கையை நீட்டினால் பல்பு அணைந்தது. எடுத்தால் எரிந்தது. அவனுக்கு ஊருக்கே விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அன்று மாலையே மின்னலின் மெஷினில், தகட்டில் படாத உயரத்தில், சென்சாரைத் திருகி மாட்டிவிட்டான்.

சேதி கேட்டு முதலாளி வந்தார். மோட்டாரை அணைத்துவிட்டு, "கையை வச்சுப் பாருங்க முதலாளி" என்றான் கரண்ட்டு. பேனா பிடிக்கிற கை, சோப்பு மணக்கிற கை. அவர் அதை மெதுவாக அச்சுக்கு அடியில் நீட்டினார். அச்சு நின்றுவிட்டது என்று காட்டக் கரண்ட்டு வைத்திருந்த தடுப்பு விளக்கு சிவப்பாக எரிந்தது. எடுத்தார், அணைந்தது. நீட்டினார், எரிந்தது. குழந்தைக்குக் கிலுகிலுப்பை கிடைத்த மாதிரி அவருக்கு விட மனசில்லை.

"பிரமாதம்டா கரண்ட்டு. இனிமே ஆப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அதான் கண்ணு இருக்கே. மின்னல், இன்னும் கொஞ்சம் வேகமாவே போகலாம்."

அதுவரை கண்ணுக்குத் தெரியாத ஆப்பு அவர் வாயில் அத்தனை சுலபமாக வந்தது. மின்னல் நெஞ்சை நிமிர்த்தினான். அடுக்கு அக்கா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். புருஷன் கை மெஷினுக்குள் போகக் கூடாது என்றுதான் அவள் அண்ணனிடம் போனாள். இப்போது அந்தக் கை இன்னும் தைரியமாகப் போகப் போகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டதே என்று நினைத்தாள்.

"மோட்டாரைப் போடுங்க மச்சான். ஓட்டிப் பாத்துடலாம்" என்று மின்னல் மெஷின் முன் நின்றான்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அவள். "அந்த இடது கை கிளவுஸைக் கழட்டிக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்கன்னா கொடுங்க. முதல்ல பொம்மைக் கை போகட்டும். அப்புறம் உங்க கை போகட்டும்."

"என் பொண்டாட்டிக்கு அண்ணன் மேலயே நம்பிக்கை இல்லை" என்று மின்னல் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். கறுப்பு ரப்பர்க் கையுறை. உள்ளே இன்னும் அவன் கைச் சூடு இருந்தது. அவள் எண்ணெய் துடைக்கிற பஞ்சை எடுத்து ஒவ்வொரு விரலாகத் திணித்தாள். நுனி போன நடுவிரலில் பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. கையுறையைத் துடைப்பக் குச்சியில் கட்டியதும் நிஜக் கை மாதிரியே ஆகிவிட்டது. எட்டண்ணன் அதற்குக் கை கொடுத்து, "வாங்க மாப்பிள்ளை, சௌக்கியமா?" என்று விசாரித்தார். முதலாளி கூடச் சிரித்துவிட்டார்.

மோட்டார் ஓடியது. அடுக்கு அக்கா எட்ட நின்று குச்சியை நீட்டினாள். பஞ்சுக் கை அச்சுக்கு அடியில் போய் நின்றது.

"அழுத்துங்க" என்றாள்.

மின்னல் சிரித்துக்கொண்டே வலது பட்டனை அழுத்தினான்.

மேல் அச்சு இறங்கியது. எப்போதும் கேட்கிற அதே சத்தம். தடுப்பு விளக்கு எரியவே இல்லை. அச்சு மேலே எழும்பியபோது குச்சியில் உள்ளங்கை மட்டும் தொங்கியது. நான்கு விரல்களும் கீழ் அச்சில் வட்டமாக, தட்டையாக, மூடி மாதிரியே கிடந்தன.

கரண்ட்டு ஓடிப்போய் மோட்டாரை அணைத்தான். மின்னல் தன் இடது கையைப் பார்த்தான். கையுறை இல்லாமல் வெறுமையாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான், விரித்தான். பிறகு அந்தக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டான், குளிருகிற மாதிரி.

"முதலாளி கையைப் பாத்துச்சே" என்றான் மெல்ல. "என் கையை ஏன் பாக்கலை?"

கரண்ட்டு மடிக்கணினியைத் திறந்தான். சென்சாருக்கு எதிரே ஒரு தகர மூடியைக் காட்டினான். பூஜ்யம். தன் வெறுங்கையைக் காட்டினான். பூஜ்யம். கிழிந்த கையுறையைக் காட்டினான். திரையில் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே ஓடியது.

"கறுப்பு ரப்பர் வெளிச்சத்தை விழுங்கிடுது மாப்பிள்ளை. திரும்பி வந்தாத்தானே அதுக்குத் தெரியும்?"

"அப்போ கிளவுஸ் போட்டா நான் அதுக்கு ஆளே இல்லையா?"

கரண்ட்டு சென்சாரிலிருந்த குட்டித் திருகைத் திருகிப் பார்வையைக் கூட்டினான். இப்போது கையுறை தெரிந்தது. கூடவே கீழ் அச்சும் தெரிந்தது, மெஷினின் காலும் தெரிந்தது. எதைக் காட்டினாலும், எதையும் காட்டாவிட்டாலும் பூஜ்யம். அவன் கையைத் தொங்கப் போட்டான்.

"ஒண்ணு கிளவுஸைப் பாக்க மாட்டேங்குது, இல்லாட்டி எல்லாத்தையும் பாக்குது. தப்பு என்னோடதுதான். இது படிச்சுப் பழகறதுக்கு உள்ள சாமான். விரலை நம்பி விடற சாமான் இல்லை. அது தெரிஞ்சும் ஆசையில மாட்டிட்டேன்."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "இதோ பாருங்கப்பா. ஆப்பு வைங்கன்னு நான் யாருக்கும் சொன்னதில்லை."

"எடுங்கன்னும் சொன்னதில்லையே முதலாளி" என்றார் எட்டண்ணன். கோபமாகச் சொல்லவில்லை, எண்ணெய்க் குப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர் துடைத்தது இடது கையால். முதலாளியின் பார்வை அந்தக் கைக்குப் போனது. எத்தனையோ வருஷமாக எதிரே நடமாடுகிற கை. அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அடுக்கு அக்கா கீழ் அச்சிலிருந்து அந்த ரப்பர் வட்டத்தைச் சுரண்டி எடுத்து மேசை மேல் வைத்தாள். "நீங்க உங்க கையை வச்சுப் பாத்தீங்க முதலாளி. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வேலை செய்யறது உங்க கை இல்லையே. எந்தக் கை உள்ளே போகுதோ, அந்தக் கையை வச்சுத்தானே பாக்கணும்?"

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சரக்கு லேட்டாகுமேன்னு பயந்தேன்மா" என்றார். இத்தனை சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

யாரும் சொல்லாமலே மின்னல் மெஷினிடம் போனான். காலையில் கடித்துச் செருகிய ஆப்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். அது இறுகியிருந்தது, வர மறுத்தது. பல்லைக் கடித்து இழுத்ததும் வந்துவிட்டது. இடது பட்டன் 'டக்' என்று எழும்பி நின்றது.

முதலாளி வார்த்தையோடு நிற்கவில்லை. சரக்கு வாங்குகிறவருக்குப் போன் போட்டு, கொஞ்சம் தாமதமாகும் என்று சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர் "சரி, பாத்து அனுப்புங்க" என்று போனை வைத்துவிட்டார். பிரஸ் மெஷினுக்கு முறையான காவல் தடுப்பு செய்து மாட்டுகிற ஆட்களை வரவழைத்தார். மூன்று மெஷினுக்கும் கம்பி வலைக் கதவு வந்தது. கதவு திறந்திருந்தால் அச்சு அசையாது. வந்தவர்களிடம் முதலாளியே ஒரு கறுப்புக் கையுறையில் பஞ்சைத் திணித்துக் கொடுத்து, "இதை வச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றாராம். அந்தப் பஞ்சுக் கை இன்னும் முழுசாக இருக்கிறது.

கரண்ட்டின் சென்சாரும் வீணாகவில்லை. மூடி சறுக்கி விழுகிற இடத்தில் இப்போது அது உட்கார்ந்திருக்கிறது. பளபளக்கிற தகரம் அதற்கு நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு மூடி விழும்போதும் பூஜ்யம் என்று சொல்ல, பலகை எண்ணிக்கொள்கிறது. எண்ணித் தவறினால் யாருக்கும் விரல் போகாது. அடுக்கு அக்காவுக்கு எண்ணுகிற வேலை மிச்சம்.

மின்னலுக்கு முதல் சில நாள் கை பழகவில்லை. காலையில் வந்ததும் கை தானாக உடைந்த பெட்டியைத் தேடும். இரண்டு பட்டனையும் அழுத்துகிறபோது, ஏதோ கும்பிட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி கூச்சமாக இருக்கும். வீட்டில் பிள்ளை கூடக் கேட்டாள். "என்னப்பா, சடையை மெதுவாப் பின்றீங்க?"

"விரலைப் பாத்துக்கிட்டே பின்றேன் கண்ணு. அதான்" என்றான்.

பக்கத்து மெஷின்காரர் மீசைக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு நாள் வலைக் கதவைச் சாத்தாமல், அதன் பூட்டுக்குள் ஒரு சில்லைச் செருகி மெஷினை ஏமாற்றப் பார்த்தார். மின்னல் பார்த்துவிட்டான்.

"என்ன மின்னல் முறைக்கறே? உன் வேகம் எங்கே போச்சு? நீ இப்போ மின்னல் இல்லப்பா, தூறல்."

மின்னல் சிரித்தான். தன் மெஷினுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்த ரப்பர் வட்டத்தைக் கழற்றிக்கொண்டு போய் மீசையின் உள்ளங்கையில் வைத்தான்.

"தூறலாவே இருந்துட்டுப் போறேன் அண்ணே. நான் எவ்வளவு வேகமா மூடி அடிச்சேன்னு நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு விரல் போனா சாகற வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கும். நம்ம கையைக் காக்கறதுக்கு வச்சதை நம்ம கையாலேயே அடைச்சோம். அப்புறம் புதுசா ஒரு காவல் தேடினோம். அதையும் வேலை செய்யற கையை வச்சுப் பாக்காம நம்பினோம். மெஷினை ஏமாத்தறோம்னு நினைக்கறோம் அண்ணே. மெஷின் ஏமாறாது. அதுக்கு இழக்கறதுக்கு விரல் இல்லை."

மீசை அந்த வட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குனிந்து சில்லைப் பிடுங்கினார்.

எட்டண்ணன் அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். முன்பே மூன்று மெஷினிலிருந்தும் எடுத்த ஆப்புகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் கொல்லைப் பக்கம் கொண்டுபோய், மூன்று கல் கூட்டி, அதில் போட்டுப் பற்றவைத்து, எல்லோருக்கும் டீ போடப் பாத்திரம் ஏற்றினார். தீ குபுக்கென்று எழுந்தது. டீ கொதிப்பதற்குள் அணைந்துவிட்டது.

அவர் வெறும் சாம்பலைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா? ஒரு டீ கொதிக்கறதுக்குக் கூடப் பத்தலை. இதுக்குத்தான் நான் ரெண்டு விரலைக் கொடுத்தேன். நீங்க யாரும் கொடுக்காதீங்க."